தலைமேல் சைக்கிள், முன் சீட்டில் சக்கரம்

சீட் கவர் மாட்டுகிறவனை யாரும் நின்று கேள்வி கேட்பதில்லை. கார் கூரையில் கம்பி மாட்டுகிறவனை மட்டும் போகிற வருகிற ஊரே விசாரித்துவிட்டுத்தான் பஸ் ஏறும்.

வில்லியனூரில் கார் சாமான் கடை வைத்திருக்கிறேன். ஹாரன், கறுப்பு ஃபிலிம், மிதியடி, ரிவர்ஸ் கேமரா எல்லாம் உண்டு. கடையில் நானும் ரீத்தாவும். சீட் கவர் தைப்பதில் ரீத்தாவை மிஞ்ச ஆளில்லை, வாயிலும் அப்படித்தான். நீங்களும் கடை வைத்துக் கஷ்டப்படுகிறவராக இருந்தால் இதைப் படித்துக் கொஞ்சம் ஆறுதல் அடையலாம்.

ஓட்டை போடாத கம்பி

ஏழுமலை அண்ணன் காட்டேரிக்குப்பத்துக்காரர். முன்பு கரும்பு லோடு ஏற்றிக்கொண்டிருந்தார், இப்போது சொந்தமாக ஒரு வெள்ளை செடான் வாங்கி டாக்சி ஓட்டுகிறார். ஒரு நாள் மகள் வினோதினியோடு கடைக்கு வந்தார். அந்தப் பெண் கல்லூரியில் கடைசி வருஷம். ரேஸ் சைக்கிள் ஓட்டுகிறாள். போன வருஷம் பல்கலைக்கழக அணித் தேர்வுக்கு சைக்கிளை பஸ்ஸில் கொண்டுபோனார்களாம். கண்டக்டர் அதைப் பின்னாடி டிக்கியில் போடச் சொன்னார். அதன் மேல் யாரோ வாழைத்தார் அடுக்கிவிட்டார்கள். போய் இறக்கினால் கியர் வளைந்து கிடந்தது. பாவம், ஓட்டாமலேயே திரும்பி வந்திருக்கிறாள். இந்த வருஷம் தேர்வு செஞ்சிக்கு அந்தப் பக்கம். இதை விட்டால் அவளுக்கு வேறு வருஷம் கிடையாது.

"காருக்குள்ள படுக்க வைக்கலாமே" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன். கூரையில் குறுக்காக இரண்டு கம்பி, கம்பியின் நுனி நான்கும் கதவு விளிம்பைக் கொக்கி போட்டுப் பிடித்துக்கொள்ளும், மேலே சைக்கிளின் முன் சக்கரத்தைத் தாங்கும் கவையைப் பூட்ட ஒரு பூட்டு என்று விளக்கினேன். அதுவரை நானும் அதைப் படத்தில்தான் பார்த்திருந்தேன். மாட்டிப் பார்க்க எனக்கே ஆசையாக இருந்தது. ஏழுமலை அண்ணன் கூரையைத் தட்டித் தட்டிப் பார்த்தார்.

"ஓட்டை போட்டாத்தான் நிக்கும்னா ஒழுவும். ஓட்டை போடாம நிக்கும்னு சொல்றியே, அப்ப எதப் புடிச்சினு நிக்கும்? அத மொதல்ல காட்டு சேகரு."

இது இன்னாத்துக்கு?

சாமான் வந்ததும் கடை வாசலிலேயே மாட்டினேன். நான்கு கதவையும் திறந்து வைத்து, ரப்பர் கட்டையை உட்கார வைத்து, எல்-கீயால் ஒரு பக்கம் கொஞ்சம், மறுபக்கம் கொஞ்சம் என்று இறுக்க வேண்டும். அவசரப்பட்டால் கம்பி கோணிக்கொள்ளும். அதனால் நேரம் ஆயிற்று, கூட்டமும் சேர்ந்தது. கல்யாணத்துக்கு வாழைமரம் ஏற்றலாமா என்றார் ஒருவர். மைக் செட் குழாய் இரண்டு பக்கமும் கட்டலாமே என்றார் இன்னொருவர். கோழிக்கூண்டு, கட்டில், கோவிலுக்கு நேர்ந்துவிட்ட ஆடு வரைக்கும் வந்துவிட்டது. ஒரு பெரியவர் கம்பியைப் பிடித்துத் தொங்கியே பார்த்துவிட்டார். கம்பி அசையவில்லை, அவர் வேட்டிதான் அவிழ்ந்தது.

கூட்டம் கலைந்த பிறகு ரீத்தா நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே சொன்னாள்:

"அத்தினி பேரும் அத்தினி கேட்டாங்க. சைக்கிள் ஏத்தலாமான்னு ஒருத்தராவது கேட்டாங்களாண்ணா?"

பாகூர்க்காரர் கேட்ட கணக்கு

கம்பி மாட்டிய காரைப் பார்த்துவிட்டு பாகூரிலிருந்து வந்த ஒரு விவசாயி தன் காருக்கும் ஒன்று வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டார். நல்ல நிலம், நல்ல கரும்பு, புத்தம்புது கார். உங்கள் வீட்டில் யார் சைக்கிள் ஓட்டுகிறார்கள் என்று கேட்டேன். யாரும் இல்லையாம். அப்படியானால் எதற்கு என்றேன். பார்க்க நன்றாக இருக்கிறதாம். கம்பி இருந்தால் காற்றில் சத்தம் வரும், பெட்ரோலும் கூடக் குடிக்கும் என்று நான் உண்மையைச் சொன்னேன். வியாபாரம் கெட்டது. ஆனால் போகும்போது அவர் கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

"சைக்கிள் ஓட்றவங்கிட்ட காரு கெடையாது. காரு வெச்சிருக்கறவன் சைக்கிள் ஓட்ட மாட்டான். அப்ப இத எவனுக்காகப்பா கண்டுபுடிச்சான்?"

கரும்புக் கட்டு

மாட்டியாயிற்று, வேலை முடிந்தது என்று நினைத்தேன். மறுநாளே ஏழுமலை அண்ணன் முகம் வெளுத்துப்போய் வந்தார். கூரை நடுவில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குக் குழி. என்ன நடந்தது என்று விசாரித்தால், எல்லாம் பழைய தொழிலின் வேலை. கரும்பு லோடு கட்டுகிறவர்கள் கயிற்றைச் சுற்றி, நடுவில் ஒரு கழியைச் செருகி, முறுக்கு முறுக்கென்று முறுக்குவார்கள். கயிறு வீணைத் தந்தி மாதிரி விறைத்து நிற்கும். வெறும் பூட்டில் சைக்கிள் நிற்கும் என்று மனுஷனுக்கு நம்பிக்கை வரவில்லை. கதவு வழியாகக் கயிறு விட்டு, சைக்கிளையும் கூரையையும் சேர்த்துக் கட்டி, கழியைப் போட்டு முறுக்கியிருக்கிறார். கழி தகரத்தில் அழுந்தியதும் டொப் என்று உள்ளே போய்விட்டது. நல்ல காலம், சைக்கிளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

உள்ளே உட்கார்ந்து கூரையின் உட்பக்கத் துணியைக் கொஞ்சம் இறக்கி உள்ளங்கையால் ஒரு தள்ளு தள்ளினேன். அதே டொப் சத்தத்தோடு கூரை வெளியே வந்தது. அப்புறம்தான் எனக்குக் கோபம் வந்தது. கம்பி தாங்கும் என்று எத்தனை தரம் சொன்னேன், கயிறு எதற்கு என்று கத்திவிட்டேன். அவர் திருப்பிக் கத்தவில்லை. கயிற்றை முழங்கையில் சுற்றிக்கொண்டே மெதுவாகச் சொன்னார். அதைக் கேட்டபின் நான் ஏன் கத்தினேன் என்று ஆகிவிட்டது.

"கரும்பு சரிஞ்சா நாலு பேரு சேந்து தூக்கி அடுக்கிடுவோம். இது சரிஞ்சிதுன்னா எம்பொண்ண யாருப்பா தூக்கி நிறுத்தறது?"

முன் சீட்டுப் பயணி

நானும் அவரும் வினோதினியும் சைக்கிளை ஏற்றி ஒரு ஓட்டம் போய்ப் பார்த்தோம். கோவில் தெருவில் திருவிழாவுக்கு சீரியல் லைட் கட்டியிருந்தார்கள். ஏழுமலை அண்ணனுக்குத் தலைமேல் சைக்கிள் இருப்பது மறந்துபோயிற்று. வழக்கம்போல் அடியில் புகுந்தார். ஹேண்டில்பார் ஒயரை மாட்டி இழுத்ததும் தெருவில் பாதி விளக்கு எங்களோடு கிளம்பி வந்தது. விழாக்குழுவினர் பேசியதை இங்கே எழுத முடியாது. ஹேண்டில்பாரில் சுற்றியிருந்த நாடா மட்டும் கிழிந்தது, பெண்ணின் முகம் வாடியது.

அன்றைக்கு ஒரு சட்டம் போட்டேன். இந்தப் பூட்டில் ஏற்றும்போது சைக்கிளின் முன் சக்கரத்தைக் கழற்றித்தான் ஆக வேண்டும். கழற்றிய சக்கரத்தை டிக்கியில் போடாமல் முன் சீட்டில் உட்கார வைத்து பெல்ட் போட வேண்டும். பக்கத்தில் சக்கரம் இருந்தால் தலைமேல் சைக்கிள் இருக்கிறது என்று அர்த்தம். ஏழுமலை அண்ணனுக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்துவிட்டது. அப்படியும் செஞ்சி வரைக்கும் எத்தனை ஊரில் எத்தனை தோரணமோ என்று நான் கவலைப்பட்டேன். வினோதினி கவலைப்படவில்லை. சுத்துக்கேணி வழியாக எந்தெந்த ரோட்டில் போக வேண்டும் என்று விரலால் காற்றில் வரைந்து காட்டினாள். சுற்றுவழியாயிற்றே என்றேன்.

"சுத்துதான்ண்ணா. ஆனா கரும்பு டிராக்டர் போற ரோடு. அங்கெல்லாம் லோடுக்கு மேல ஒசரமாத்தான் ஒயரு கட்டுவாங்க. நான் டெய்லி அந்தப் பக்கந்தான ஓட்டறேன்."

எல்லாம் சரியாக இருந்தது

தேர்வு நாள் விடிந்ததும் நானும் கிளம்பிவிட்டேன். கடைக்காரனுக்கு அங்கே என்ன வேலை என்று ரீத்தா கேட்டாள். நான் மாட்டிய முதல் கம்பி எப்படிப் போய்ச் சேருகிறது என்று பார்க்காமல் எனக்குச் சோறு இறங்காது என்றேன். காட்டேரிக்குப்பத்தில் கார் தயாராக நின்றது. சைக்கிள் மேலே ஜம்மென்று இருந்தது. கம்பியில் மஞ்சள் கயிறு, முன் பக்கம் எலுமிச்சம்பழம். டயருக்கு அடியில் வைத்த பழத்தை நசுக்கிக்கொண்டு புறப்பட்டோம். பெரிய மனுஷன் என்று என்னை முன் சீட்டில் உட்கார வைத்தார்கள். ஒரு ஒயர் கூட எங்களைத் தொடவில்லை. வழியெல்லாம் நான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி நீட்டிக் கூரையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். கம்பி மயிரிழை கூட நகரவில்லை. பெருமை தாங்கவில்லை எனக்கு.

மைதானத்தில் இறக்கினோம். வினோதினி காருக்குள் குனிந்து தேடினாள். டிக்கியைத் திறந்தாள். பிறகு என்னையே பார்த்தாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. சக்கரத்தின் சீட்டில் நான் உட்கார்ந்து வந்திருக்கிறேன். முதல் நாள் பூஜை போட்டு, அந்தச் சக்கரத்துக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பூச்சரம் சுற்றி, சாமி படத்துக்குக் கீழே சாய்த்து வைத்தார்களாம். சாமியிடம் ஒப்படைத்தவர்கள் திரும்ப வாங்க மறந்துவிட்டார்கள். சக்கரம் இல்லாத கவை பூட்டில் நிற்பது எப்போதும் பார்க்கிற காட்சிதானே, யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மற்ற பெண்களிடம் கேட்டுப் பார்த்தாள். எல்லாம் டிஸ்க் பிரேக் வைத்த புது சைக்கிள், அந்தச் சக்கரம் எதுவும் இவள் கவையில் நுழையாது. ஏழுமலை அண்ணன் மனைவி காசியம்மாளுக்கு போன் போட்டார். அந்த அம்மாள் பேசியது பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது.

"வெளக்கு ஏத்தப் போனன், சக்கரம் கீது. எத்தினி வாட்டி போன் பண்றது, எடுத்தா ஆவாதா? திண்டிவனம் தாண்டிட்டேன், பஸ்ல வந்துனு கீறேன். நீ செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு வா."

மடியில் வந்தது

அண்ணன் காரை எடுத்துக்கொண்டு பறந்தார். ஒருவர் பின் ஒருவராக அனுப்புகிற போட்டி அது. பையன்கள் முடிந்து பெண்கள் கிளம்ப ஆரம்பித்தார்கள். வினோதினி பெயரைக் கடைசிக்குத் தள்ளி வைத்தார்கள், அதற்கு மேல் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ஒரு கால் ஒடிந்த நாற்காலி மாதிரி அந்தச் சைக்கிளை நான் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ரோட்டையே பார்த்தாள். அழவில்லை. நான்தான் தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன், ரீத்தாவின் மாதா உட்பட.

கடைசிக்கு முந்தின பெண் கிளம்பியபோது வெள்ளைக் கார் வந்தது. காசியம்மாள் அண்ணி சக்கரத்தைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு இறங்கினார். விளிம்பெல்லாம் சந்தனம், பிரேக் எப்படிப் பிடிக்கும்? என் கைக்குட்டையால் சுற்றிலும் அழுத்தித் துடைத்தேன். வினோதினி பூச்சரத்தைப் பிய்த்து அம்மா கையில் கொடுத்துவிட்டு, சக்கரத்தை மாட்டி, ஒரு சுற்று சுற்றிப் பார்த்து, அவள் பெயரைக் கூப்பிடும்போது கோட்டில் நின்றாள். போய்விட்டாள். மத்தியானம் அணியில் கடைசிப் பெயராக அவள் பெயரை வாசித்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கப்படாமல் அழுதேன். ஏழுமலை அண்ணன் அந்த மஞ்சள் கயிற்றைத் தடவிக்கொண்டே நின்றார். அண்ணி மட்டும் பூச்சரத்தைத் தலையில் வைத்துக்கொண்டு என் கம்பியை மேலும் கீழும் பார்த்தார்.

"போன வருசம் சைக்கிள டிக்கியில போடுன்னானே, அதே கண்டக்டர்தாம்பா இன்னிக்கும். சக்கரத்துல குங்குமத்தப் பாத்தான், எழுந்து அவன் சீட்ட எனக்குக் குடுத்துட்டான்."

கார் கூரையில் எதை ஏற்றினாலும் நிற்க வைக்கும் கம்பி என் கடையில் இருக்கிறது, வீட்டில் எதை விட்டுவிட்டு வந்தோம் என்று சொல்லும் சாமான் மட்டும் இன்னும் ஸ்டாக் வரவில்லை.