ஆன்சைட்டில் இருக்கும் அப்பா

புஷ்பா முகம் வாடி மாதாபூர் அலுவலகத்தில் யாரும் பார்த்ததில்லை. வெளிநாட்டு வாடிக்கையாளர்களிடம் போனில் பேசப்போகும் புதியவர்களுக்கு அங்கே அவள் ஆங்கில உச்சரிப்பிலும் தன்னம்பிக்கையிலும் பயிற்சி கொடுத்தாள். "நீங்க சிரிச்சா அது குரல்ல கேக்கும்" என்பாள். 'முடியாது' என்ற சொல்லுக்கு அவள் வகுப்பில் இடமே இல்லை. சம்பளத்துக்காகச் சொன்னதல்ல அது. தூத்துக்குடியிலிருந்து மொழி தெரியாத ஊருக்கு வந்து தெலுங்கு பழகி, வேலையும் பிடித்தவள். நல்லதையே நினைத்ததால்தான் எல்லாம் நடந்தது என்று உண்மையாகவே நம்பினாள்.

2008 மழைக்காலத்தில் அவள் கணவன் ஃபெலிக்ஸ், சனத்நகர் தொழிற்சாலையில் வேலை முடிந்து பைக்கில் வரும்போது, போவன்பள்ளியில் வீட்டுக்குப் பக்கத்திலேயே லாரி மோதி இறந்துபோனான். மகள் வர்ஷினிக்கு அப்போது ஐந்து வயது.

அடக்கம் முடிந்து ஒரு மாதத்தில் புஷ்பா வேலைக்குத் திரும்பிவிட்டாள். அவளுடைய தைரியத்தைப் பாராட்டாதவர்கள் இல்லை. ஃபெலிக்ஸின் சட்டைகளை மூட்டை கட்டினாள், போட்டோவைப் பீரோவுக்குள் வைத்தாள். குழந்தை அழுதால், "அழப்படாது கண்ணு. டாடி சாமிட்ட சந்தோஷமா இருக்காரு. நெகட்டிவா பேசக்கூடாது, என்ன?" என்று தட்டிக்கொடுத்தாள். குழந்தை சீக்கிரமே கற்றுக்கொண்டது.

ஃபெலிக்ஸின் தம்பி ஆண்டனி தூத்துக்குடியிலிருந்து அடிக்கடி போன் செய்வான்.

"மைனி, எப்படி இருக்கிய?"

"நல்லா இருக்கேன் தம்பி. வர்ஷினி டான்ஸ் கிளாஸ் சேந்திருக்கா."

"அண்ணன் நெனப்பாவே இருக்கு, மைனி."

"நடந்ததையே நெனைக்கக் கூடாது தம்பி. நல்லதை நெனைங்க."

"சரி மைனி" என்பான். பிறகு வைத்துவிடுவான்.

அந்த வருடம் புஷ்பாவுக்குத் தாடை வலி வந்தது. தூக்கத்தில் பல்லைக் கடிப்பதால் பற்கள் தேய்ந்திருக்கின்றன என்றார் பல் டாக்டர். மனதில் ஏதாவது கவலையா என்றும் கேட்டார். ஒன்றுமில்லை என்று சிரித்தாள்.

மறுவருடம் பள்ளியில் பெற்றோர் கூட்டம். வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் அப்பாக்கள் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தார்கள், சிலர் அமெரிக்காவில் 'ஆன்சைட்' போயிருந்தார்கள். வர்ஷினியின் டீச்சர் நாகம்மா, மார்க்குகளைக் காட்டிவிட்டு ஆசையாகக் கேட்டார்: "வர்ஷினி டாடி ஆன்சைட்லேர்ந்து எப்போ வர்றாரு மேடம்? தினமும் அதையே சொல்லுது."

புஷ்பாவுக்கு ஒருகணம் புரியவில்லை. புரிந்தபோது, அவள் தடுப்பதற்குள் அந்தப் பழகிய சிரிப்பு வந்துவிட்டது.

"வந்துருவாரு மிஸ்" என்றாள்.

சொன்னது தன் வாய்தானா என்று பதறிப்போய் வெளியே வந்தாள். வாசலில் வர்ஷினி நின்றிருந்தாள்.

"பாப்பா, டாடி எங்கன்னு ஒனக்குத் தெரியும்லா?"

"தெரியும். செத்துட்டாரு."

"பின்ன ஏன் மிஸ்ட்ட அப்படிச் சொன்ன?"

"செத்துட்டாருன்னு சொன்னா நெகட்டிவ்தானே மம்மி? நெகட்டிவ் நக்கோ, வேண்டாம்னு நீதான் சொன்ன. ஆன்சைட்னா எல்லாரும் சூப்பர்ங்கறாங்க."

புஷ்பா அங்கேயே படியில் உட்கார்ந்து, வருவோர் போவோர் பார்க்க, விம்மி விம்மி அழுதாள். வர்ஷினி மிரண்டுபோய் அவள் கன்னங்களை இரண்டு விரலால் மேலே தள்ளினாள். "மம்மி, ஸ்மைல்."

"முடியல பாப்பா. டாடி இல்லாம எனக்கு முடியல."

அதைக் கேட்டதும் குழந்தையும் அழத் தொடங்கினாள். இருவரும் ஓய்ந்த பிறகு, புஷ்பா உள்ளே போய் டீச்சரிடம் உண்மையைச் சொன்னாள். நாகம்மா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரவைத்தார்.

அன்று ஆண்டனிக்குப் போன் செய்து, "தாங்கல தம்பி" என்றாள். அவன் உடைந்துபோனான். "நீங்க சிரிச்சிக்கிட்டே நின்னிய மைனி. அண்ணனுக்காக என்கூட அழ வேற யாரு இருக்கா?"

அழுததும் எல்லாம் சரியாகிவிடவில்லை. அடுத்த சில மாதங்கள் முன்னைவிட மோசமாகவே கழிந்தன. புஷ்பா அடிக்கடி லீவு போட்டாள். வர்ஷினி சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டாள், அம்மாவை அடித்தாள். தன்னம்பிக்கை வகுப்பை வேறு யாருக்காவது கொடுக்கும்படி புஷ்பா மேனேஜரிடம் கேட்டாள். உன்னைப்போல யார் எடுப்பார்கள் என்றார் அவர். "அதைச் சொல்ல இப்ப எனக்கு வாய் வரல சார்" என்றாள். ஆங்கில உச்சரிப்பு வகுப்பை மட்டும் வைத்துக்கொண்டாள். அதில் இன்னமும் மாணவர்களைச் சிரிக்கவைத்தாள், மனம் வந்த நாட்களில்.

நவம்பரில் கல்லறைத் திருநாளுக்கு ஆண்டனி வந்தான். அதுவரை மகளை ஃபெலிக்ஸின் கல்லறைக்குக் கூட்டிப் போகாதிருந்த புஷ்பா அன்று கூட்டிப்போனாள். சுற்றிலும் மெழுகுவர்த்திகளும் பூக்களும் ஜெபமுமாக இருந்தது. வர்ஷினி கல்லில் இருந்த பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தாள். பிறகு திடீரென்று கத்தினாள்.

"ஏன் டாடி ஹெல்மெட் போடல? மம்மி சொல்லுச்சுல்ல? நீ பேட் டாடி!"

பக்கத்துக் கல்லறையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆண்டனி குழந்தையின் தோளைத் தொட்டு, "டாடியை அப்படிச் சொல்லக்கூடாது மக்கா" என்றான்.

"பேசட்டும் தம்பி" என்றாள் புஷ்பா. "எனக்கும் அவர்மேல அந்தக் கோவம் இருக்கு."

வர்ஷினி வெகுநேரம் திட்டினாள், தமிழில் தொடங்கித் தெலுங்கில் முடித்தாள். பஸ்ஸுக்கு நிற்கும்போது, பசிக்கிறது என்றாள்.