நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை

என் வீட்டுக்காரருக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த பிறகு, அவர் மாடிப்படி ஏறினாலே எனக்குப் பதறும். எட்டாவதோடு படிப்பை விட்டவள் நான். ஆனாலும் அவர் மாத்திரைப் பெயரெல்லாம் எனக்கு மனப்பாடம். டாக்டர், "இனி மலைகூட ஏறலாம்" என்றாரோ இல்லையோ, இவர் என்னையும் கூட்டிக்கொண்டு ராஜபாளையத்திலிருந்து செண்பகத்தோப்புக்குக் கிளம்பிவிட்டார்.

அனுமதி வாங்கியதும் வனக்காவலர் ஒருவர் கூடவே வந்தார். நெஞ்சு வலித்தால் நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை ஒன்றுதான் மிச்சம் இருந்தது. பையைத் திறக்கிற நேரத்தில் ஏதாவது ஆகிவிட்டால்? அட்டையிலிருந்து பிதுக்கிக் கைக்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

மரத்தில் பெரிய சாம்பல் அணில் ஒன்று தாவியது. பூனையைவிடப் பெரிது. "ஏட்டி, மேல பாரு!" என்றார் வீட்டுக்காரர். அவருக்கு மூச்சு வாங்குகிறதா என்றுதான் நான் பார்த்தேன்.

உச்சியில் தட்டையான பாறைவெளி. வெள்ளைக்காரத் துரை கட்டிய பங்களாவில் ஒரு சுவரும், குளிர்காய்கிற அடுப்பும் மட்டும் மிச்சம்.

"நமக்கு வேர்த்து ஊத்துது, அந்த ஆளு அடுப்பு கட்டியிருக்கான் பாரு" என்று சிரித்தபடி அவர் சுவரோரம் போனார்.

சுவருக்குப் பின்னாலிருந்து யானை வந்தது.

சத்தமே இல்லை. அம்புட்டுப் பெரிய உடம்பு சத்தமில்லாமல் வரும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. அவர் கை நீட்டினால் தும்பிக்கை.

"அசையாதீங்கக்கா" என்று காவலர் என் தோளை அழுத்தினார்.

வீட்டுக்காரரும் அசையவில்லை, யானையும் அசையவில்லை. அந்த நெஞ்சு எப்போது நிற்குமோ என்றுதான் என் உயிர் கிடந்து துடித்தது. யானை ஒருமுறை காதை வீசிவிட்டு, வந்த வழியே போனது.

அவர் நடந்து வந்தார். "மாத்திரை எங்கட்டி?"

கையை விரித்தேன். இல்லை. என் நாக்குக்கு அடியில் என்னவோ கரைந்துகொண்டிருந்தது.

"அடிப்பாவி, முழுங்கிட்டியா?"

"உங்களுக்கு வலிக்குதா?" என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன். மாத்திரை வேலையைக் காட்டிவிட்டது; தலை கிறுகிறுத்துப் பாறையில் சாய்ந்துவிட்டேன்.

"எனக்கு ஒண்ணுமில்ல. கையில இருக்கட்டும்னுதான் கேட்டேன்" என்று என் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். செத்த நேரம் கழித்து, கைத்தாங்கலாக என்னை இறக்கிக் கூட்டிவந்தவரும் அவர்தான்.

ஸ்ரீவில்லிபுத்தூர் மருந்துக்கடையில் அந்த மாத்திரைதான் கேட்டார். "ரெண்டு அட்டையாக் குடுங்க. எனக்கு ஒண்ணு, இவளுக்கு ஒண்ணு."

கடைக்காரர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணை மூடினால் அந்தச் சுவர்தான் நிற்கிறது.