பிழை விடுகிற உத்தியோகம்

1. மாணவராக ஓர் ஆள்

முதல் நாள் காலைத் தேத்தண்ணிக்கு முன்னரே நான் ஆங்கிலம் தெரியாதவனாகிவிட்டேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி, மெல்பேர்ண். புதிதாக வந்திறங்கும் குடியேறிகளுக்கு ஆங்கிலம் படிப்பிக்க ஆசிரியர்களைப் பயிற்றும் இன்டேர்ன்ஷிப் அது. யாழ்ப்பாணத்தில் வருடக்கணக்காக ஆங்கிலம் படிப்பித்த என் சான்றிதழை இங்கே ஒருவரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. ஆகவே நகரத்தின் ஓரத்திலிருக்கும் டண்டினொங்கில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். சம்பளமில்லாத லீவு போட்டுவிட்டுத்தான் பயிற்சிக்கு வந்தேன். தேறினால் ஆசிரியர் வேலை. தேறாவிட்டால் பெட்டிகள் அங்கேயேதான் இருக்கும். அவை ஓடிப்போகிற சாமான் இல்லை.

பயிற்சி முறை இதுதான். எங்களை உண்மையான வகுப்புக்கு அனுப்பமுன், ஒவ்வொருவரும் மற்றவர்கள் முன்னிலையில் ஒரு டெமோ பாடம் நடத்தவேண்டும். எங்களில் ஒருவர் ஆங்கிலம் தெரியாத மாணவராக நடிப்பார். டெமோ சரிவந்தால்தான் வகுப்பு. வகுப்பு எடுத்தால்தான் சான்றிதழ்.

“மாணவராக ஆர் இருக்கப் போறீங்கள்?” என்று பொறுப்பாளர் மிசிஸ் பார்க்கர் கேட்டார். அவருடைய பார்வை அறையை ஒரு சுற்றுச் சுற்றி என்னில் வந்து இளைப்பாறியது. “சிவா, நீங்கள் வாங்கோ. உங்களுக்கு இது லேசா வரும்.”

அந்த அறையில் கறுப்பு நான் ஒருவன்தான். ஆனாலும் எனக்குப் புளுகம், சந்தோஷம் தாங்கவில்லை. பள்ளிக்கூட நாடகங்களில் எனக்குத் தந்ததெல்லாம் மரமாக நிற்கிற வேஷம். மரத்துக்கு வசனம் கிடையாது. இப்போதுதான் முதன்முதல் வசனம் கிடைத்தது.

“யெஸ்டர்டே ஐ கோ ஷொப். ஷொப் நோ ஓப்பின்,” என்றேன், சோகமாக.

அன்று பாடம் நடத்தியவள் ஹெலன். பல்கலைக்கழகத்திலிருந்து நேரே வந்த பிள்ளை. குறிப்புக் கொப்பியைப் பார்த்துப் பார்த்து என்னைத் திருத்தினாள். எனக்குப் பாவமாக இருந்தது. பாடம் முடிகிற நேரம் பார்த்து, “யெஸ்டர்டே ஐ வென்ட் டு த ஷொப்!” என்று கண் விரியச் சொல்லிவைத்தேன். அறையே கைதட்டியது.

“பாத்தீங்களா, என்ன முன்னேற்றம்!” என்று மிசிஸ் பார்க்கர் ஹெலனை மெச்சினார்.

நானும் எழும்பி நின்று தலைகுனிந்து வணங்கினேன். அப்படியொரு விசரன் நான்.

2. ஓடருக்குப் பிழை

அதற்குப் பிறகு எனக்கு நல்ல கிராக்கி. அடுத்ததாக டெமோ செய்யப்போகிறவர்கள் தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து என்னைச் சூழ்ந்துகொள்வார்கள்.

“சிவா, என்ரை பாடத்திலை இறந்தகாலத்திலை பிழை விடுவீங்களா?”

“எத்தனை தரம் வேணும்?”

“ரெண்டு தரம். மூண்டாந்தரம் சரியாச் சொல்லிப்போடுங்கோ.”

“இடையிலை கொஞ்சம் அழட்டோ?”

தையற்காரன் அளவெடுக்கிற மாதிரித்தான். கேட்டபடி பிழை விட்டேன். என்னைத் திருத்தித் திருத்தி ஒவ்வொருவராகத் தேறி உண்மையான வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

தையல் ஃபக்டரியில் வேலை முடித்து வந்து குசினியில் நின்ற பரமேஸ், என் மனைவி, கேட்டாள்: “இண்டைக்கு என்னப்பா படிப்பிச்சனீங்கள்?”

“படிப்பிக்கேல்லை. படிச்சனான். திஸ் இஸ் எ பென்சில்.” மாணவன் குரலிலேயே சொல்லிக் காட்டினேன்.

அவள் சிரிக்கவில்லை. “உங்கடை பகிடி கிடக்கட்டும். உங்கடை முறை எப்ப?”

அடுத்த நாள் அதையே மிசிஸ் பார்க்கரிடம் கேட்டேன்.

“உங்களை முதல்லை அனுப்பிப்போட்டால் மற்றவைக்கு மாணவன் ஆர்?” என்றார், உண்மையான கவலையோடு. “உங்கடை முறையைக் கடைசியா வையுங்கோ, சிவா.”

3. என் முறை

கடைசியாக என் டெமோ வந்தது. மாணவியாக நடிக்க ஹெலன் தானாகவே முன்வந்தாள். நன்றிக்கடன் என்று நினைத்தாள் போலும்.

பாடத்தைத் தொடங்கினேன். முதற்கேள்வி கேட்டேன். ஹெலன் தலையை இரண்டு பக்கமும் ஆட்டிவிட்டுப் பதில் சொன்னாள். அறை வெடித்துச் சிரித்தது.

அவளுக்குத் தெரிந்த ஒரேயொரு மாணவன் நான். ஆகவே அவள் என்னைத்தான் நடித்தாள். ஆனால் நான் நடித்த பிழைகளை அவள் எடுக்கவில்லை. எடுத்தது அந்தத் தலையாட்டலையும் என் குரலின் ஏற்ற இறக்கத்தையும். அவை இரண்டும் நான் நடித்தவை அல்ல. என் சொந்தச் சாமான்கள். கள்ளமில்லாமல், எனக்கு உதவி செய்கிற நினைப்பில்தான் செய்தாள். அதுதான் இன்னும் கூடுதலாக வலித்தது.

நான் திருத்தத் திருத்த அறை இன்னும் சிரித்தது. ஒரு கட்டத்தில் தலையை ஆட்டாமல் பேசிப் பார்த்தேன். கழுத்துப் பிடித்தவன் போல் நின்றேன். அதற்கும் சிரித்தார்கள். நான் ஆசிரியனாக நிற்கிறேன் என்று அந்த அறையில் ஒருவரும் நம்பவில்லை.

மிசிஸ் பார்க்கர் சிரிப்பில் நிறைந்த கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை வெளியே கூப்பிட்டார். “பாடம் ஒழுங்குதான், சிவா. ஆனா படிப்பிக்கிறவரும் படிக்கிறவரும் ஒரே ஆள் மாதிரிக் கேட்டுது. உங்களை வகுப்புக்கு அனுப்ப என்னால ஏலாது.”

“அப்ப சான்றிதழ்?”

“அது வகுப்பு எடுத்தவைக்குத்தான்.” பிறகு அவர் முகம் மலர்ந்தது. “ஆனா ஒண்டு. அடுத்த கோஷ்டி வரேக்கை நீங்கள் மாணவனாக வருவீங்களா? மணித்தியாலச் சம்பளம் தருவம். உங்களைப்போல ஒராள் எங்களுக்குக் கிடைக்காது.”

பெட்டி அடுக்குவதைவிடக் கூடச் சம்பளம். ஓம் என்றேன்.

நான் சொன்னதைப் பரமேஸ் கேட்டுவிட்டு, அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள்: “போகவேண்டாம் எண்டு சொல்லேல்லை. ஆனா வீட்டிலை செய்து காட்டாதேங்கோ.”

இரண்டு வருடம் அந்த உத்தியோகம் பார்த்தேன். இந்த நகரத்தில் ஆங்கிலம் படிப்பிக்கிற எத்தனையோ பேரை நான்தான் தேறவைத்தேன், பிழை விட்டு.

புதிதாக வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: முதல் நாளே நாலுபேரைச் சிரிக்கவைத்தால் எல்லோருக்கும் உங்களைப் பிடித்துப்போகும். பிடித்துப்போனவனை வைத்திருப்பார்கள். ஆனால் எந்த இடத்தில் பிடித்ததோ, அந்த இடத்திலேயேதான் வைத்திருப்பார்கள்.