அப்பாவுக்கு அறையில்லாத வீடு

அக்காவின் ஓராண்டு நினைவு மலருக்கு நான்தான் எழுத வேண்டும் என்று அக்காவின் மகள் சொன்னாள். வேறு நல்ல ஆளாகப் பார் என்றேன். எழுதத் தெரிந்தவர்கள் எல்லோரும் இன்னும் ஊரில் இருக்கிறார்கள், மொன்றியலுக்கு வந்து சேர்ந்தது நீங்கள் மட்டும்தான் மாமா என்றாள். இதைவிட மரியாதையான அழைப்பு எனக்கு வாழ்நாளில் வந்ததில்லை. ஆகவே எழுதுகிறேன். படித்து அழலாம் என்று கைக்குட்டையோடு உட்கார்ந்தவர்கள் அதை மடித்து வைத்துவிடலாம். அக்காவுக்கு அழுகிற ஆட்களைக் கண்ணில் காட்டக்கூடாது.

மட்டக்களப்புக்குத் தெற்கே, ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக ஒடுங்கிக் கிடக்கும் எங்கள் கிராமத்தில் அக்கா பிறந்தார். மூன்று ஆண்டுகள் கழித்து நான் பிறந்தேன். அம்மா நோயில் விழுந்ததால் அக்காவின் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. நான் பத்தாம் வகுப்பு வரை போனேன். என்னை ஏன் அதுவரை போகவிட்டார்கள் என்பது ஆசிரியர்களுக்கும் தெரியாது. சோதனையில் நான் வாங்கிய புள்ளிகளைப் பார்த்த அப்பா என்னைப் பொலன்னறுவைப் பக்கம் மாமாவின் கடைக்கு அனுப்பி வைத்தார். நான் அங்கே அரிசி நிறுத்துக்கொண்டிருந்த காலத்தில்தான் ஊரில் அக்காவின் வீடு எழும்பியது.

மலரைக் கையில் வைத்திருப்பவர்களில் பாதிப்பேர் யாழ்ப்பாணத்தார், சிலர் சென்னைக்காரர். அதனால் எங்கள் ஊர் வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் மகள் பிறந்தால் தகப்பன் அவளுக்கென்று ஒரு வீடு கட்டியாக வேண்டும். கல்யாணத்தோடு வீடு அவள் பெயருக்குப் போகும். மாப்பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கே வந்து சேருவார். தாயும் தகப்பனும் வீட்டைச் சுற்றியுள்ள வளவின் பின்மூலையில் ஓர் ஓலைக் கொட்டில் போட்டுக்கொண்டு ஒதுங்குவார்கள். யாழ்ப்பாணத்திலும் சீதன வீடு உண்டு என்று நீங்கள் சொல்வீர்கள். உண்டுதான். ஆனால் எங்கள் அளவுக்கு நீங்கள் அப்பாவைக் கொட்டிலுக்குத் துரத்துவதில்லை. ஆண்பிள்ளைக்கு என்ன கிடைக்கும் என்றால், எங்காவது ஒரு தகப்பன் தன் மகளுக்குக் கட்டிய வீடு கிடைக்கும். எனக்காக எந்தத் தகப்பனும் ஒரு செங்கல்லும் தூக்கவில்லை. மாமாவின் கடையிலிருந்து திரும்பி வந்து அப்பாவின் கொட்டிலிலேயே படுத்தேன்.

அப்பா மீன்பிடிகாரர். கடற்கரையில் வீடு எப்படி நிற்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். மாரியில் வாவி பெருகி வளவுக்குள் வரும் என்பதால் நிலத்தை நாலு படி உயர்த்தினார். கோடையில் மேற்கே இருந்து அடிக்கும் கச்சான் காற்று சுடும், அதனால் மேற்குச் சுவரில் ஜன்னலே வைக்கவில்லை. அந்தக் காற்றில் ஒரு பொறி பறந்தாலும் ஓலைக்கூரை போய்விடும், ஆகவே அடுப்படியை வீட்டோடு ஒட்டாமல் கிழக்கே தள்ளித் தனியாகக் கட்டினார். முன்வாசலும் பின்வாசலும் ஒரே நேர்கோட்டில் இருந்தன. முன்னே விறாந்தை, பிறகு மண்டபம், மண்டபத்தைத் தாண்டினால் அறைகள். பின்னாளில் அக்காவின் கணவர், எங்கள் அத்தான், ஓடு போட்டார்.

இதற்கெல்லாம் கடதாசியில் படம் ஒன்றும் கிடையாது. மணலில் முளையடித்துக் கயிறு கட்டினார்கள். அளவு மட்டும் வீட்டுக்காரியின் பாதத்தால்தான் எடுக்க வேண்டும் என்று அப்பா ஒரே பிடியாக நின்றார். மேசன் தன் அளவுகோலை ஓரமாக வைத்துவிட்டார். அக்கா குதிக்காலோடு விரலை ஒட்டி ஒட்டி நடக்க, அப்பா பின்னால் எண்ணிக்கொண்டு போனாராம். மண்டபம் நாற்பத்தொரு பாதம் நீளம். நான் அதைக் கண்ணால் பார்க்கவில்லை, ஆனால் அக்கா சொல்லிச் சொல்லி என் காதில் அந்த எண் தழும்பாகிவிட்டது.

எண்பதுகளின் கலவரங்களுக்குப் பிறகு நான் முதலில் இங்கே வந்தேன். அடுத்த ஆண்டு அக்காவும் அத்தானும் மகளும் வந்தார்கள். மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் ஒரு மூன்றாம் மாடி வீட்டுக்குள் நால்வரும் நுழைந்தோம். அக்கா ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். வீட்டு நடுவில் அடுப்படி, அதற்கு அடுத்த சுவரில் கழிப்பறை. இதைக் கட்டினவன் சாப்பிடுகிறவனா இல்லையா என்று கேட்டார். மறுநாளே சிறிய மின்னடுப்பு ஒன்றைப் பின்பக்கத்து பல்கனியில் வைத்து, கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு மீன் பொரித்தார். வீட்டுச் சொந்தக்காரர் ஒரு கிரேக்கர். நெருப்பு ஆபத்து என்று கத்திக்கொண்டு ஏறி வந்தார். நெருப்பு ஆபத்துத்தான், அதனால்தான் அதை வீட்டுக்கு வெளியே வைத்திருக்கிறேன் என்று சொல்லும்படி அக்கா என்னிடம் சொன்னார். என்னுடைய பிரெஞ்சில் அது என்னவாகப் போய்ச் சேர்ந்ததோ தெரியாது, மனிதர் இரண்டு துண்டு பொரியலோடு இறங்கிப் போனார். பனி விழத் தொடங்கும்வரை பல்கனியில்தான் சமையல் நடந்தது.

இனித்தான் விஷயத்துக்கு வருகிறேன். எங்களை இந்த நாட்டிலிருந்து கிட்டத்தட்ட அனுப்பிவைத்த ஆள் நான்.

நான் வந்து சேர்ந்த புதிதில் குடிவரவு அதிகாரி என்னிடம், ஊரில் உனக்கு வீடு இருந்ததா என்று கேட்டார். இல்லை என்றேன். உன் தகப்பனுக்கு? அவருக்கும் இல்லை என்றேன். எங்கே வாழ்ந்தீர்கள் என்றார். கொட்டிலில் என்றேன். எங்கள் ஊர்க் கணக்கில் இதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. அதிகாரி எழுதிக்கொண்டார். அடுத்த ஆண்டு அக்கா வந்து, எனக்கு ஓட்டு வீடு இருந்தது, மண்டபமும் மூன்று அறையும் கொண்டது, என் தகப்பன் கட்டியது, அதைத்தான் கொள்ளையடித்தார்கள் என்று வாக்குமூலம் கொடுத்தார். அத்தானோ, எனக்கு வீடு இல்லை, மனைவியின் வீட்டில் இருந்தேன் என்றார். ஒரே வளவு, மூன்று கதை. வீடில்லாத தகப்பன் வீடு கட்டினாரா, இந்தப் பெண் அந்த ஊர்க்காரிதானா, இவர்கள் உண்மையிலேயே அக்கா தம்பியா என்று சந்தேகம் கிளம்பிவிட்டது. அக்காவின் விசாரணைக்கு என்னையும் சாட்சியாக வரச் சொல்லி எங்கள் வழக்கறிஞருக்குக் கடிதம் வந்தது.

மொழிபெயர்ப்பாளர் சென்னைக்காரர், நல்ல மனிதர். விசாரணை அன்று காலையில் எங்களை நடைபாதையில் ஓரமாகக் கூட்டிப்போய் ஒரு வழி சொன்னார்.

"அம்மா, வீடு உங்க வீட்டுக்காரர் பேர்லதான்னு சொல்லிடுங்க. இவங்களுக்கு அதுதான் புரியும். தம்பி ஏதோ தப்பா சொல்லிட்டார்னு முடிச்சுடலாம்."

எனக்கு அது மிகவும் பிடித்தது. தம்பி ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டான் என்றால் ஊரில் எல்லோரும் உடனே நம்புவார்கள். அத்தானும் தலையாட்டினார்.

அக்கா கோட்டுப் பொத்தானைப் போட்டு முடித்துவிட்டுத்தான் வாய் திறந்தார். "ஐயா, இவருக்கெண்டு ஒரு வீடு இல்ல. இவரிட்டக் கேட்டுப் பாருங்க, இவரே சொல்லுவார். அந்த வீட்டுக்காக என்ட அப்பா கொட்டிலுக்குப் போனவர், கொட்டிலுக்குள்ளயே செத்தவர். அத இன்னொருத்தர்ட பேரில சொல்லித்தான் இஞ்ச இரிக்கலாமெண்டா, எனக்கு இஞ்ச இரிக்கத் தேவையில்ல."

"திருப்பி அனுப்பிடுவாங்கம்மா," என்றார் மொழிபெயர்ப்பாளர்.

"அனுப்பட்டும். என்ட வீட்டுக்குத்தானே போவன்."

அந்த வீட்டில் அப்போது சீருடைக்காரர்கள் இருந்தார்கள். அது அக்காவுக்கும் தெரியும். அத்தான் சுவரைப் பார்த்தார், நான் என் சப்பாத்தைப் பார்த்தேன்.

முதலில் என்னை வெளியே இருத்தி அக்காவை உள்ளே கூப்பிட்டார்கள். உள்ளே நடந்ததை மொழிபெயர்ப்பாளர் பிறகு சொல்லித்தான் தெரியும். அதிகாரி ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி. வீட்டை வரைந்து காட்டு என்று ஒரு தாளைக் கொடுத்தாராம். அக்கா வரைந்தார். பென்சில் பிடித்துப் பல காலம் ஆனவர், கோடுகள் கோணலாக வந்தன, ஆனால் எதையும் விடவில்லை. மேற்குச் சுவரில் ஜன்னல் ஏன் இல்லை, அடுப்படி ஏன் தனியாக நிற்கிறது என்று கேள்வி வந்தது, காற்றைச் சொன்னார். பெற்றோரின் அறை எது என்று கேள்வி வந்தது. அந்த வீட்டில் அவர்களுக்கு அறை இல்லை என்றார். அதிகாரி பேனாவை வைத்துவிட்டு, பெரிய வீட்டில் மகள் இருக்க, தாய் தகப்பன் குடிசையில் படுத்தார்களா என்று கேட்டார். கேட்ட விதம் அவ்வளவு நன்றாக இல்லை என்று மொழிபெயர்ப்பாளர் சொன்னார்.

அக்கா எழும்பினார். பனிச் சப்பாத்தைக் கழற்றினார். அந்த அறையின் ஒரு சுவரிலிருந்து மறுசுவருக்குப் பாதத்தை ஒட்டி ஒட்டி, வாய்விட்டு எண்ணிக்கொண்டு நடந்தார். வழக்கறிஞர் கையால் உட்காரச் சொல்லிக் காட்டியும் நிற்கவில்லை. முப்பத்திரண்டில் சுவர் வந்துவிட்டது.

"என்ட மண்டபம் இதவிட ஒன்பது பாதம் கூட," என்றார் அக்கா. "அத என்ட பாதத்தால அளந்தவர் என்ட அப்பா. எனக்குத் தாறத்துக்காக அளந்தவர். அவர ஒருத்தரும் குடிசைக்குத் தள்ளயில்ல. மகளுக்கு வீடு குடுத்திட்டு வெளிய வந்து இருக்கிறதுதான் எங்கட ஊரில தகப்பனுக்குப் பெருமை. உங்கட ஊரில பெருமை வேற மாதிரியெண்டா அதுக்கு நான் என்ன செய்யிற."

மொழிபெயர்ப்பாளர் கடைசி வாக்கியத்தை மொழிபெயர்க்காமல் விடலாமா என்று யோசித்தாராம். அக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றதால் விட முடியவில்லை.

பிறகு அக்காவை வெளியே அனுப்பி என்னை அழைத்தார்கள். எனக்கும் ஒரு தாள். அதே வீட்டை நீ வரை என்றார் அதிகாரி. பத்தாம் வகுப்புச் சோதனை மண்டபம் கண்முன் வந்தது. வளவைப் போட்டேன். கிணற்றைப் போட்டேன். சாப்பிட்ட இடமாதலால் அடுப்படியைத் தட்டு வைக்கும் பலகையோடு வரைந்தேன். படுத்த இடமாதலால் கொட்டிலை வரைந்தேன். நாலு படி, விறாந்தை, மண்டபம். மண்டபத்துக்கு அங்கால் பென்சில் போகவில்லை. பெரிய சதுரம் ஒன்று வெறுமையாகக் கிடந்தது. ஏதாவது கோடு கிழித்து நிரப்பலாமா என்று நினைத்தேன். எத்தனை அறை என்று அக்கா சொல்லக் கேட்டிருக்கிறேனே. ஆனால் எந்த அறை எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியாது. காலையில் நடைபாதையில் அக்கா பேசியது காதில் நின்றது. பென்சிலை வைத்துவிட்டேன்.

இங்கே ஏன் ஒன்றும் இல்லை என்று அதிகாரி அந்தச் சதுரத்தைத் தட்டினார்.

"நான் அதுக்குள்ள போனதில்ல," என்றேன்.

எத்தனை வருடம் அந்த வளவில் இருந்தாய் என்றார். இருபத்தைந்துக்கு மேல் என்றேன். இருபத்தைந்து வருடமாக ஒரு கதவைத் தாண்டவில்லையா என்றார். கல்யாணம் முடித்த அக்காவின் அறைப்பக்கம் வளர்ந்த தம்பி போவதில்லை, எனக்கு அங்கே அலுவலும் இல்லை, அது அவருடைய வீடு என்று சொன்னேன். முதல் தடவை கேட்டபோதே இதைச் சொல்லியிருக்கலாமே என்றார். முதல் தடவை எனக்கு வீடு இருந்ததா என்றுதான் கேட்டார்கள், அக்காவுக்கு இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை என்றேன். என் வாழ்க்கையில் நான் யோசிக்காமல் சொன்ன ஒரே புத்திசாலித்தனம் அது.

அதிகாரி இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அடுப்படி ஒரே இடம். கிணறு ஒரே இடம். படி நாலு. கொட்டில் ஒரே மூலை. அக்காவின் தாளில் அறைகள் இருந்த இடத்தில் என் தாளில் வெறுமை. அவர் இரண்டையும் ஒரே கோப்பில் வைத்து மூடினார். விடையை எழுதாமல் விட்டு நான் சித்தியடைந்த ஒரே சோதனை அதுதான். ஏழு மாதம் கழித்து, எங்கள் எல்லோரையும் அகதிகளாக ஏற்றுக்கொண்டதாகக் கடிதம் வந்தது. அக்கா அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, வீடு ஆரின்ட எண்டு எழுதியிரிக்கா என்று கேட்டார். அதைப் பற்றி ஒன்றும் இல்லை என்றோம். அப்படியானால் பாதி வேலைதான் முடிந்தது என்றார்.

பிறகு அக்கா ஒரு தையல் ஆலையில் வேலை செய்தார். ஊரிலிருந்து புதிதாக வந்தவர்கள் எத்தனை பேர் எங்கள் வீட்டில் முதல் மாதத்தைக் கழித்தார்கள் என்று இந்த மலரைப் பிடித்திருக்கும் கைகளுக்கே தெரியும். விசாரணைக்குப் போகிறவர்களை இருத்திவைத்து, உங்கட வீட்டை முதலில் வரைந்து பாருங்கள் என்று பென்சில் கொடுப்பார். மூன்றாவது குளிர்காலத்தில் நோய் வந்தது. வைத்தியசாலையில் கிடந்தபோது ஊர் உறவினர் ஒருவரிடமிருந்து கடிதம் வந்தது. ஷெல் விழுந்து கூரை போய்விட்டது, பொம்பிளைப் பிள்ளை கனடாவிலிருந்து இதைப் பார்க்க முடியாது, தம்பியின் பெயருக்கு எழுதிக் கொடுத்தால் நாங்கள் கவனித்துக்கொள்வோம் என்று அதில் இருந்தது.

நான் கட்டில் பக்கத்தில் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தேன். அக்கா மகளைக் கூப்பிட்டுப் பதில் எழுதச் சொன்னார். "கூரை போனாப் போகட்டும். அத்திவாரம் இரிக்கி. அது என்ட மகளுக்கு. கூரை இல்லாத வீட்டத்தான் குடுக்கிறன், அவள் மறுகா போட்டுக்கொள்ளுவாள். எழுது புள்ள." பிறகு என் பக்கம் திரும்பினார். "தம்பி, உனக்கு ஏதும் மனக்குறையா?"

"பழம் புளிக்கிது. வேற ஒண்டுமில்ல," என்றேன்.

"அப்ப சாட்சிக் கையெழுத்த வை."

வைத்தேன். ஒன்பது நாட்களில் அக்கா எங்களை விட்டுப் போனார்.

அக்காவின் நோய்க்காலத்தில் துணை நின்ற தாதிமாருக்கும், முறை வைத்துச் சோறு கொண்டுவந்த அயலவருக்கும், தையல் ஆலைத் தோழிகளுக்கும், இறுதிக் கிரியையை நின்று நடத்தித் தந்தவர்களுக்கும், மீன் வாசத்தைப் பொறுத்துக்கொண்ட வீட்டுச் சொந்தக்காரருக்கும், ஒரு வாக்கியத்தை விழுங்காமல் மொழிபெயர்த்த அந்தச் சென்னை மனிதருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. யாரையாவது விட்டிருந்தால் குற்றம் என்னுடையது. நான் தாளில் இடம் விடுகிற ஆள் என்பது இப்போது உங்களுக்குத் தெரியும்.

ஊரில் இருக்கும் உறவினருக்கு ஒரு சொல். அக்கா போய்விட்டார், இனித் தம்பியைக் கேட்டுப் பார்க்கலாம் என்று இந்த ஓராண்டில் மூன்று கடிதங்கள் எனக்கு வந்தன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே எழுத எனக்குப் பஞ்சியும் அலுப்பும், ஆகவே அச்சிலேயே பதில் தருகிறேன். அந்த வளவில் எனக்குக் கேட்கவும் ஒன்றுமில்லை, கொடுக்கவும் ஒன்றுமில்லை. வீட்டுக்காரி அக்காவின் மகள், என் மருமகள். பார்க் எக்ஸ்டென்ஷனில் மூன்றாம் மாடியில் இருக்கிறாள். வந்து நேரிலேயே கேளுங்கள், தேத்தண்ணி தருவாள், தாயைப் போலவே பதிலும் சொல்வாள். வெளிப்படிகள் செங்குத்தானவை. திரும்பிப் போகும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்குங்கள்.