யாவாரப் பால்

எழுபதுகளில், ஏற்காட்டில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் எங்கள் அத்தா டீக்கடை வைத்திருந்தார். மஞ்சக்குட்டையிலிருந்து காலை ஜீப்பில் பால் கேன் வந்துவிடும். கடைசி பஸ் கிளம்பும்வரை அடுப்பில் பால் காய்ந்துகொண்டே இருக்கும். அந்தப் பாலில் ஒரு சொட்டுகூட என் தங்கையின் வாய்க்குப் போனதில்லை.

“யாவாரப் பாலுல ஊட்டுப் புள்ளைங்க வாய வெச்சா பரக்கத்துப் போயிருமுங்க” என்பார் அத்தா, கேட்டவர்களிடமெல்லாம். பரக்கத் என்றால் தொழிலில் தங்கும் இறையருளாம். அந்த அருள் தங்குவதற்கு என் தங்கையின் வயிறு காய வேண்டியிருந்தது.

அவள் தவழும்போதே அம்மா அடுத்த பிள்ளை உண்டாகிவிட்டார். தாய்ப்பால் நின்றது. அதற்குப் பதில், பால் விடாமல் வெல்லம் போட்ட வரக்காப்பியில் நனைத்த பொறை ரொட்டி. காப்பி விளையும் ஊர், அது மட்டும் தட்டுப்பாடில்லாமல் கிடைத்தது. மழைக்காலம் முழுக்க அவளுக்கு வயிற்றுப்போக்கு. போக்கு நிற்கட்டும் என்று அந்தப் பொறையையும் நிறுத்திவிடுவார்கள்.

அம்மா ஒரே ஒரு தடவை வாய் திறந்தார். “பால்காரரே கன்னுக்குட்டிக்கு ஒரு காம்பு உட்டுட்டுத்தானுங்க கறக்கறாரு. நம்ம புள்ள கன்னுக்குட்டியவிடக் கேவலமுங்களா?” அத்தா சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். அதன்பின் அம்மா அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

சுற்றுலா வந்தவர்கள் “பொம்மை மாதிரி இருக்கா” என்று அவள் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, பாலாடை மிதக்கும் டீயைக் குடித்தார்கள். அத்தாவுக்கு அதில் பெருமை வேறு. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கடை வைப்பதற்கு முன்பு பிறந்து, வயிறாரத் தாய்ப்பால் குடித்த நான் அத்தாவின் காதளவுக்கு வளர்ந்துவிட்டேன். அவளோ பள்ளிக்கூடத்தை விட்டு நின்றபோதும் என் மார்புக்குக் கீழேதான் இருந்தாள். படிப்பும் ஏறவில்லை.

பிறகு சேலத்திலிருந்து அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் தாயார் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “ஏனுங்க, பொண்ணு நொம்பக் கட்டையா இருக்குதுங்களே” என்றார்.

அத்தா சிரித்தார். “சாப்பாட்டுல ஒரு கொறையும் வெக்கலீங்க. அல்லா அவளுக்குக் குடுத்த ஒசரம் அவ்வளவுதானுங்க.”

அதுவரை குனிந்திருந்த தங்கை நிமிர்ந்தாள். “அல்லா மேல பழியப் போடாதீங்க அத்தா” என்றாள்.

வந்தவர்கள் எழுந்து போன பின் அத்தா அவளை அடிக்கக் கை ஓங்கினார். ஓங்கிய கை அப்படியே நின்றது. அவ்வளவு சின்ன உடம்பை அடிக்க அவருக்கே மனம் வரவில்லை.