வாகனமே வராத கிரவல் பாதை

இன்று காலை ஹேவாஹெட்டவுக்குக் கீழே, மழை எட்டிப் பார்க்காத பள்ளத்தாக்கில் சைக்கிள் ஓட்டப் போனேன். கிரவல் பாதை, காய்ந்த மானாப்புல், நடுவே கொஞ்சம் தேயிலை.

ஓரிடத்தில் யாரோ மரக்கொப்பை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். வாகனம் வராமலிருக்கச் செய்த நல்ல ஏற்பாடு என்று மகிழ்ந்து, சைக்கிளைத் தூக்கித் தாண்டினேன்.

அதன்பிறகு ஒரு த்ரீவீல்கூட இல்லை. கண்டி ஹோர்ன் சத்தத்தில் செத்த காதுக்குச் சொர்க்கம். சும்மா மணியை அடித்துக்கொண்டே இறங்கினேன்.

"மணி அடிக்காதீங்க! படுங்க!"

தேயிலைக்குள்ளிருந்து பெண் குரல். பார்த்தால், கொழுந்து பறிக்கிற ஏழெட்டுப் பேர், இடுப்பில் கட்டும் படங்கைத் தலையோடு போர்த்திக்கொண்டு செடிக்கடியில் குப்புறக் கிடக்கிறார்கள்.

"குளவி கலைஞ்சிருச்சுங்க. அசையாம கெடங்க."

விழுந்தேன். தலைக்கு மேலே அந்த இரைச்சல். நான் போட்டிருந்தது பளிச்சென்ற மஞ்சள் சட்டை, பூசியிருந்தது வாசனைக் கிரீம். பக்கத்தில் கிடந்த அக்கா தன் படங்கில் பாதியை என் மேல் இழுத்துப் போட்டார்.

இரைச்சல் அடங்க அரை மணியாவது ஆகியிருக்கும்.

"இந்த ரோட்டுல வாகனமே வராதாக்கா?"

"ஏன் வராது? குளவின்னுதானே கொப்ப வெட்டிப் போட்டு மறிச்சிருக்கோம். பாக்கலியா நீங்க?"

கேட்ட அக்காவின் முழங்கை வீங்கியிருந்தது. படங்கு எட்டாத பக்கம்.

வீட்டுக்கு வந்தாயிற்று. "இந்தப் பாதை எப்படி இருந்தது?" என்று போன் கேட்கிறது. எத்தனை நட்சத்திரம் போட? நீங்களே சொல்லுங்கள்.