புடவைக் கடையில் ஒரு முகில் அறை

ஆரணியில் ஒரு பெண்கள் பள்ளியில் இயற்பியல் ஆசிரியையாக இருக்கிறேன். போன கோடை விடுமுறையில் மாணவிகளுக்காக முகில் அறை ஒன்று செய்ய இறங்கினேன். கண்ணாடித் தொட்டியில் ஆல்கஹால் ஆவியை நிரப்பி, அடித்தகட்டைக் கடுங்குளிரில் வைத்தால், விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் அந்த ஆவியில் வெள்ளைக் கோடாகத் தடம் விட்டுப் போகும். தொட்டி கிடைத்தது, ஆல்கஹால் கிடைத்தது. குளிர்தான் கிடைக்கவில்லை.

சென்னையிலிருந்து உலர்பனிக்கட்டி வரவழைத்தேன். பெட்டியைத் திறந்தால் கோலிக்குண்டு அளவுக்குத்தான் மிச்சம். பட்டுப்புடவைக் கடை நடத்தும் என் கணவர் எட்டிப் பார்த்தார்.

"காலிப் பொட்டிய அனுப்பிட்டாங்களா?"

"இல்லீங்க. வழியிலயே ஆவியா போயிட்ச்சு."

சரி, குளிரை நாமே உண்டாக்கலாம் என்று பெல்டியர் சில்லுகள் வாங்கினேன். மின்சாரம் கொடுத்தால் அதன் ஒரு முகம் குளிரும், மறுமுகம் சுடும். இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பழைய கம்ப்யூட்டரின் பவர் சப்ளையில் இணைத்தேன். ஒயரை மாற்றிக் கொடுத்துவிட்டேன் போலிருக்கிறது. தகட்டைத் தொட்ட கணவர் விரலை உதறிக்கொண்டு, "தோசை ஊத்தலாம்மா" என்றார்.

ஒயரைத் திருத்தியதும் குளிர்ந்தது; ஆனால் உறைநிலைக்குக் கொஞ்சம் கீழே போய் அப்படியே நின்றுவிட்டது. இரண்டு நாள் பேஜாராக இருந்தது. பிறகுதான் உறைத்தது: மேல் சில்லு தள்ளும் சூட்டையும் தன் சூட்டையும் சேர்த்துக் கீழ்ச் சில்லுதான் வெளியேற்ற வேண்டும். இரண்டுக்கும் ஒரே அளவு மின்சாரம் கொடுத்தால் அது திணறாமல் என்ன செய்யும்? மேல் சில்லின் ஒயரைப் பன்னிரண்டு வோல்ட்டிலிருந்து ஐந்துக்கு மாற்றினேன். சூட்டை விரட்ட அடியில் வைத்திருந்த விசிறியைக் கழற்றி, ஓர் அலுமினியப் பெட்டியைப் பொருத்தினேன். வீட்டு ஏர்கூலரின் பம்பு, ஜூஸ் கடை ஐஸ் போட்ட வாளியிலிருந்து அதற்குள் தண்ணீரைச் சுற்றவிட்டது. வீட்டு அனலில் ஐஸ் நிற்காது என்று எல்லாவற்றையும் கடையின் ஏசி அறைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். வெப்பமானி மைனஸ் இருபத்தெட்டைக் காட்டியது; தடம் தெரிய அது போதும்.

விளக்கை அணைத்துவிட்டுப் பக்கவாட்டில் டார்ச் அடித்தேன். தகட்டின்மேல் மெல்லிய தூறல் இறங்கிக்கொண்டே இருந்தது. வேறொன்றும் இல்லை. கழுத்து வலித்தது. திடீரென்று ஒரு வெள்ளைக் கோடு குறுக்கே ஓடி மறைந்தது. என்னை அறியாமல் கத்திவிட்டேன்.

போளூரிலிருந்து முகூர்த்தப் புடவை எடுக்க வந்திருந்த ஒரு குடும்பம் பதறிக்கொண்டு உள்ளே வந்தது.

"ஷாக் அடிச்சிட்ச்சாம்மா?" என்றார் மணப்பெண்ணின் தாயார்.

நான் தொட்டியைக் காட்டினேன். இன்னொரு கோடு ஓடியது. விண்வெளியிலிருந்து வரும் கதிரின் தடம் என்றேன். மணப்பெண் குனிந்தவள் நிமிரவேயில்லை.

"இது என் கை வழியாவும் போவுதாங்க?"

"போயிகினுதாம்மா இருக்கு. பொறந்ததுல இருந்து."

"ஒடம்புக்கு ஒண்ணும் ஆவாதே?" தாயாருக்குக் கவலை. ஒன்றும் ஆகாது என்றேன்.

"அடியே, பொடவ எடுக்க வந்துட்டு இங்க என்னா பண்ணிகினு இருக்க?"

"இரும்மா, இன்னொண்ணு வருது."

கடைசியில் அவள் வெளியே வந்து, கறுப்புப் பட்டில் மெல்லிய வெள்ளிக் கோடு போட்டது இருக்கிறதா என்று கேட்டாளாம். தாயார் தலையில் கை வைத்துக்கொண்டார். கணவர் ஜல்தியாகக் கரும்பச்சையில் ஒன்றை விரித்து நிலைமையைச் சமாளித்திருக்கிறார். இருவருக்கும் பிடித்துப்போனது.

பள்ளி திறந்ததும் கருவியை ஆய்வகத்துக்குக் கொண்டுபோனோம். அங்கே ஏசி கிடையாது. வெயில் ஏறினால் தகடு சூடாகிவிடும். அதனால் காலை மணி அடிக்கும் முன்பே பிள்ளைகள் வந்து தொட்டியைச் சுற்றி முண்டியடிக்கிறார்கள். ஐஸ் வாளியைத் தூக்கி வருவது யார் என்று தினமும் சண்டை.